தங்கக் கணக்கின் இரண்டாவது பெயர்

அந்த இரும்புப் பெட்டகம் வாசலைத் தாண்டியதோடு சரி. நிலவறைப் படிக்கட்டு இத்தனை கனம் தாங்காது என்று சொல்லி, கொண்டுவந்தவர்கள் அதை ஹாலின் நடுவில், சோபாவுக்கும் டிவிக்கும் இடையில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். போன வாரம் நாம் ட்ரகியர் வீட்டை விட்டு வந்தபோது, நடீன் அதை இரண்டு முறை சுற்றிவந்து, "இது யாரோட யோசனை?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதில் சொல்ல வேண்டிய இரண்டு பேரும், அவள் கணவர் ராய்ஸும் அவர் தம்பியும், அன்றைக்கு நழுவிவிட்டார்கள்.

ராய்ஸ் ட்ரகியர் ப்யூட் நகரத்துச் செப்புச் சுரங்கத்தில் ராட்சத லாரி ஓட்டி, வசந்தகாலத்தில் ஓய்வுபெற்றவர். சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்ந்த பணம் முழுக்கக் கம்பெனியின் ஓய்வூதியத் திட்டத்தில், பங்குச்சந்தையில் கிடந்தது. இலையுதிர்காலத்தில் சந்தை சரியத் தொடங்கியதிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு பகுதியையாவது எடுத்துத் தங்கக் காசாக மாற்றி, ஓய்வுக்காலக் கணக்கிலேயே வைத்துவிட வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். வழிகாட்டியவன் தம்பி வெண்டெல். வாடகை ஏறிவிட்டது என்று சொல்லிக் கோடையிலிருந்து மாடியறையில் தங்கியிருப்பவன். அவன் அறிமுகம் செய்துவைத்தவன் பிராண்ட்லி, தொலைபேசியில் மட்டுமே வாழும் தங்க வியாபாரி. "காசை நீங்களே வீட்டுல வெச்சுக்கலாம் சார், சட்டப்படி சரிதான்" என்று அவன் சொல்லித்தான் பெட்டகம் வந்தது.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. கம்பெனித் திட்டத்திலிருந்து பணத்தை வெளியே எடுக்க மனைவியின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அதுவும் நோட்டரி முன்னால்.

இன்று வெள்ளிக்கிழமை. நடீன் தான் வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறையில் லீவு சொல்லிவிட்டாள்.

ராய்ஸ் காபிக் கோப்பையோடு பெட்டகத்தைச் சுற்றிப் போய் டிவியைப் பார்த்தார். சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்குப் போனார். திரும்ப டிவிக்கு வந்தார்.

"ராய்ஸ், கொஞ்சம் உக்காரு. பாக்கற எனக்கே தலை சுத்துது."

"உக்கார முடியலை."

"காலமெல்லாம் ஒரே சீட்டுல உக்காந்து ஓட்டினவன்தானே நீ?"

"அந்த சீட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு, நடீன்."

அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அடுப்பிலிருந்து, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பணியாரங்களை எடுத்துத் தட்டில் வைத்தாள். ராய்ஸ் ஒன்றை எடுத்து அதையும் நின்றபடியே கடித்தார்.

"பிராண்ட்லி மத்தியானம் கூப்பிடுவான். அதுக்குள்ள நீ கையெழுத்துப் போட்டுட்டா..."

"போட மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? ஒண்ணே ஒண்ணுதான். போடறதுக்கு முன்னாடி அந்தக் காசு எப்படி இருக்கும்னு கையில வெச்சுப் பாக்கணும்."

"அவன் படம் அனுப்பியிருக்கானே."

"படத்தை வெச்சு நான் என்ன பண்ண? மாடியில உன் தம்பி இருக்கான். வருஷக் கணக்கா தங்கமா வெச்சிருக்கேன்னு மார் தட்டினான் இல்ல? ஒரே ஒரு காசை எடுத்துட்டு வரச் சொல்லு."

இதில் மறுக்க என்ன இருக்கிறது? ராய்ஸ் படிக்கட்டுக் கைப்பிடியைத் தட்டினார். "வெண்டெல்! கீழ வா!"

வெண்டெல் காலுறையோடு இறங்கி வந்தான். அண்ணனைவிட எட்டு வயது இளையவன். ரயில் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து, முதுகு போய் வெளியே வந்தவன். எந்த அறைக்குள் வந்தாலும் முதலில் ஒரு ஜோக் சொல்லிவிட்டுத்தான் உட்காருவான்.

"என்ன, பெட்டகத்துக்குப் பேர் வைக்கப் போறோமா? நான் 'மார்த்தா'ன்னு வைக்கலாம்னு..."

"உன் காசுல ஒண்ணைக் காட்டு, வெண்டெல்" என்றாள் நடீன்.

"என்ன காசு?"

"தங்கக் காசு. நான் இதுவரைக்கும் ஒண்ணைக்கூடத் தொட்டதில்லை. தொட்டுப் பாத்துட்டு நேரா நோட்டரிகிட்டப் போறேன்."

வெண்டெல் பணியாரத் தட்டை இழுத்தான். "அதெல்லாம் இங்க எதுக்கு வெச்சிருக்கப் போறேன்? பத்திரமான இடத்துல இருக்கு."

"எந்த இடம்?"

"இருக்கு, நடீன்."

"வீட்டுல வெச்சுக்கறதுதான் அழகே, யாரையும் நம்ப வேண்டாம்னு நீதானே சொன்னே? உன் வீடு இப்ப இதுதான். அப்ப மேலதானே இருக்கணும்?"

"டேய்" என்றார் ராய்ஸ். குரலில் கோபம் இல்லை. வெறும் குழப்பம். "ஒண்ணைக் கொண்டுவந்து காட்டிட்டுப் போயேன்டா. அவ என்ன தின்னுடவா போறா?"

வெண்டெல் தட்டைப் பார்த்தபடியே இருந்தான். முள்கரண்டியை எடுத்தான், வைத்தான். ஜோக் ஒன்று வரும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை.

"இல்லை" என்றான்.

"என்ன இல்லை?"

"ஒண்ணுகூட இல்லை, ராய்ஸ். எல்லாத்தையும் வித்துட்டேன். வசந்தத்துலயே."

டிவியில் யாரோ ஒரு நிபுணர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நடீன் போய் அதை அணைத்தாள்.

பிறகு அது துண்டு துண்டாக வெளியே வந்தது. பிராண்ட்லி சொன்னபடி காகிதத்தில் ஒரு சின்னக் கம்பெனி தொடங்கி, அதற்குத் தானே மேனேஜர் ஆகி, தன் ஓய்வுப் பணத்தில் வாங்கிய காசுகளைத் தானே வைத்துக்கொண்டிருந்திருக்கிறான் வெண்டெல். ஃப்ரீசரில், மான்கறிப் பொட்டலங்களுக்கு அடியில். வரித்துறை கூப்பிட்டுக் கேட்டபோது இதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறான்.

"உன் கையில இருந்தா அது ஓய்வுக் கணக்குல இருக்கறதா அர்த்தம் இல்லையாம்" என்றான். "மொத்தத்தையும் நான் வெளிய எடுத்துச் செலவு பண்ணிட்ட மாதிரி. அத்தனைக்கும் வரி. எனக்கு அப்ப அம்பத்தொன்பதரை வயசு ஆகலைன்னு அதுக்கு மேல பத்து சதவீதம் அபராதம்."

"சரி, தங்கம் இருந்துச்சே, வித்துக் கட்டினே" என்றார் ராய்ஸ்.

"அங்கதான் ரெண்டாவது அடி. அவன் எனக்கு வித்ததெல்லாம் கண்ணாடி மாதிரி மெருகு போட்டு, வெல்வெட் பெட்டியில வெச்ச ரகம். நூறு டாலர் தங்கத்துக்கு நூத்தி நாப்பது வாங்கியிருக்கான். கடைக்காரன் பெட்டியைத் திறந்தான், காசை எடுத்தான், தராசுல போட்டான். பெட்டியை என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டான்."

"இவ்வளவு பட்டுட்டு, எங்களை ஏன்டா அவன்கிட்ட அனுப்பினே?" நடீன் கேட்டாள்.

அவன் தட்டைத் தள்ளிவைத்தான்.

"வெண்டெல்."

"ஆளைக் கொண்டுவந்தா ரெண்டு காசு தரேன்னான். வரிப் பாக்கி இன்னும் கொஞ்சம் இருக்கு." தலையை நிமிர்த்தினான். "நீங்க ஒழுங்கா எழுதி வெச்சுப் பண்ணியிருப்பீங்க. எனக்கு ஆன மாதிரி உங்களுக்கு ஆகாதுன்னு நினைச்சேன். நிஜமா நினைச்சேன், ராய்ஸ்."

ராய்ஸ் மாடிக்குப் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. தம்பியின் துணிப்பையோடு இறங்கிவந்து அதை வாசலுக்கு வெளியே, பனியின்மேல் வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் வெண்டெலுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"பூட்ஸைப் போட்டுக்க" என்றார். "வெளிய குளிருது."

வெண்டெல் பூட்ஸை மாட்டினான். நடீனைப் பார்த்தான். அவள் ஒரு பணியாரத்தைக் காகிதத்தில் சுற்றி அவன் கோட்டுப் பையில் திணித்தாள். அவளே எதிர்பார்க்காமல் செய்தது அது. கதவு மூடியது. அவன் வண்டி இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

பிராண்ட்லி மத்தியானம்வரை காத்திருக்கவில்லை. அரைமணி நேரத்தில் கூப்பிட்டான்.

"மிஸ்டர் ட்ரகியர்! இன்னைக்கு மார்க்கெட் பாத்தீங்களா? ரத்தக்களரி சார். சாயங்காலத்துக்குள்ள என்கிட்ட இருக்கற ஸ்டாக்கே தீந்துடும்போல. மேடம் கையெழுத்துப் போட்டாச்சா?"

"ஒரு கேள்வி" என்றார் ராய்ஸ். "இன்னைக்கு உன்கிட்ட வாங்கினதை நாளைக்கே உன்கிட்டயே வித்தா, என்ன விலைக்கு எடுப்பே?"

"அது மார்க்கெட்டைப் பொறுத்து..."

"மார்க்கெட் அசையவே இல்லைன்னு வெச்சுக்க."

"சார், இது நீண்டகாலச் சேமிப்பு. உங்க பேரன் பேத்தி காலத்துக்கு..."

"நாளைக்குன்னுதானே கேட்டேன்."

"ஒரு அறுபத்தஞ்சு, எழுபது சதவீதம் வரும் சார். ஆனா யாரும் அப்படி..."

ராய்ஸ் போனை வைத்துவிட்டார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய், ஏற்கெனவே பனி வாரிவிட்ட நடைபாதையை மறுபடி வாரிக்கொண்டிருந்தார். நடீன் கதவைத் திறந்து பார்த்தாள்.

"அப்ப விட்டுடலாமா?" என்றாள். "தங்கமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்?"

ராய்ஸ் மண்வாரியை ஊன்றி நின்றார். "எங்கப்பா சேத்ததையெல்லாம் அவர் வேலை பாத்த மரக் கம்பெனியோட பங்குலயே போட்டார். அவர் போனப்புறம் டிராயர்ல பத்திரம் இருந்துச்சு. கம்பெனி இல்லை. எனக்கு எல்லாத்தையும் தங்கமாக்கணும்னு ஆசை இல்லை, நடீன். மூணுல ஒரு பங்கு. எவன் தொழிலை மூடினாலும் காணாமப் போகாத ஒண்ணு. அவ்வளவுதான்."

இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. நடீன் வாசற்படியிலேயே நின்று அதை யோசித்தாள்.

"சரி. அப்ப ஒழுங்காப் பண்ணு. வண்டியை எடு."

ஸ்போகேனிலிருந்து மகள் கொரின் பிக்கப் வண்டியின் ஒலிபெருக்கி வழியாகப் பேசினாள். ஆஸ்பத்திரியில் பில் போடும் பிரிவில் வேலை. ஏமாற்றுகிறவர்களின் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"சித்தப்பா விஷயத்தை அம்மா சொன்னா. அதை அப்புறம் பேசலாம். முதல்ல இதைக் கேளுப்பா. இதுல மூணு பேர் இருக்கணும். காசை விக்கறவங்க, கணக்கை வெச்சு வரித்துறைக்குப் பதில் சொல்ற காப்பு நிறுவனம், காசைப் பூட்டி வைக்கற பெட்டகக்காரங்க. மூணும் வேற வேற ஆளா இருக்கணும். ஒருத்தனே மூணுத்துக்கும் கை காட்டினான்னா ஓடி வந்துடு."

"பணத்தை நான் வாங்கி அவங்ககிட்டக் குடுக்கலாமா?"

"தொடவே கூடாது! உன் பேர்ல செக் வந்தா அஞ்சுல ஒரு பங்கை வரிக்குப் பிடிச்சுட்டுத்தான் குடுப்பாங்க. கம்பெனித் திட்டத்துலேருந்து நேரா காப்பு நிறுவனத்துக்குப் போகணும். ரெண்டு நிறுவனம் பாத்து வெச்சிருக்கேன், நம்பர் அனுப்பறேன். ஒண்ணு, தங்கம் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். இன்னொண்ணு வருஷத்துக்கு ஒரே கட்டணம்."

"ஒரே கட்டணம்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். கொரின் சிரித்தாள். அன்று அந்தக் குடும்பத்தில் கேட்ட முதல் முழுச் சிரிப்பு அது.

மேட்டுத் தெருவில் இருந்த காசுக்கடை குறுகலானது. கடைக்காரி மாவிஸ் கறுப்புத் துணியை விரித்து நான்கு காசுகளை வைத்தாள். கழுகு, மேப்பிள் இலை, காட்டெருமை, மான்.

ராய்ஸின் கை நேராக மானிடம் போனது. "இது மாதிரி ஒண்ணு என் ஃபோர்மேன் கழுத்துல தொங்கும்."

"தென்னாப்பிரிக்காது. அழகுதான், ஆனா ஓய்வுக் கணக்குல போகாது" என்றாள் மாவிஸ். "தங்கத்தோட சுத்தம் போதாது, செம்பு கலந்திருக்கு. இலையும் எருமையும் சுத்தத் தங்கம், போகும்."

"கழுகு?"

"அதுலயும் செம்பு உண்டு. ஆனா அது போகும்."

"அது எப்படி? மானுக்கு ஒரு சட்டம், கழுகுக்கு ஒரு சட்டமா?"

"கழுகு நம்ம அரசாங்கம் அடிக்கறது. சட்டம் எழுதினதும் அவங்கதானே."

ராய்ஸ் கழுகை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். மற்றதைவிட அது கொஞ்சம் சிவந்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அவர் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனது செம்புப் பாறை.

"இதுதான்" என்றார்.

"விலை கேக்காமலே இதுவா?" நடீன் குறுக்கே வந்தாள். "எதுல எடைக்கு மேல கம்மியா கேக்கறீங்க?"

"இலையில. கழுகுக்குக் கொஞ்சம் கூட. ஆனா விக்கறப்போ இந்த ஊர்ல எவனும் கழுகைச் சந்தேகப்பட்டு ரெண்டாம் தடவை உத்துப் பாக்க மாட்டான்."

"குட்டிக் காசு இருக்கே, அது?"

"அவசரத்துக்கு ஒண்ணு ரெண்டா விக்கலாம். ஆனா அதே தங்கத்துக்கு ரொம்ப அதிகமா குடுப்பீங்க. முழு அவுன்ஸ் வாங்குங்க. மெருகு போட்டதெல்லாம் வேண்டாம்."

"மெருகைப் பத்தி எங்களுக்குத் தெரியும்" என்றாள் நடீன்.

கொஞ்சம் பேரம், கொஞ்சம் முறைப்பு. பெரும்பங்கு கழுகு, மிச்சம் இலை என்று முடிந்தது. மாவிஸ் கையை நீட்டினாள். ராய்ஸ் காசைத் தரவில்லை.

"மிஸ்டர் ட்ரகியர், இதை நான் உங்க கையில குடுக்கக் கூடாது. பணம் காப்பு நிறுவனத்துலேருந்து வரும், காசு நேரா பெட்டகத்துக்குப் போகும். இப்ப விலை சொல்லி ஒதுக்கி வைக்கறேன். புதன்கிழமைக்குள்ள அவங்க உறுதி பண்ணணும்."

"தெரியும்" என்றார் ராய்ஸ். பிறகும் ஒரு கணம் வைத்திருந்துவிட்டுத்தான் துணியின்மேல் வைத்தார். வெளியே வந்ததும் கையைப் பாக்கெட்டில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

கூட்டுறவு வங்கியில் நோட்டரி, நடீனின் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துவிட்டுச் சம்பிரதாயமாகக் கேட்டார். "யாரும் வற்புறுத்தலையே, மேடம்? இந்தப் பங்கு கம்பெனித் திட்டத்துல இருக்கறவரைக்கும் கணவருக்கு அப்புறம் தானா உங்களுக்கு வரும். வெளிய போயிட்டா, யாருக்குன்னு அவர் எழுதறதுதான். புரியுதா?"

"புரியுது" என்றாள் நடீன். எங்களுக்குள் என்ன என்பதுபோல் ராய்ஸைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்தது. கம்பெனித் திட்டத்துக்கு அனுப்ப வேண்டிய அந்தச் சம்மதப் படிவத்தை உறையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். எதிர்ச்சாரியில் தபால் நிலையம். அங்கே சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

"அதுக்கு முன்னாடி அந்தக் காப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டுடறேன்" என்றார் ராய்ஸ். பிக்கப்பில் ஹீட்டர் இரைந்தது. மறுமுனையில் டாரா என்ற பெண். நிதானமான குரல். ராய்ஸ் கேட்ட முதல் கேள்வியே அவளைத் திகைக்க வைத்தது.

"நான் வந்து பாக்கலாமா?"

"எதை சார்?"

"என் தங்கத்தை."

"ம்... பெட்டகம் சால்ட் லேக்ல இருக்கு. முன்கூட்டியே சொல்லிட்டு, அடையாள அட்டையோட வரலாம். ஒரு சின்னக் கட்டணம் உண்டு. பாக்கலாம், எண்ணலாம். வெளிய எடுத்துட்டுப் போக முடியாது."

"நான் பாக்கறது என் காசா, இல்ல யாரோடதாவதா?"

"அது நீங்க எடுக்கற முடிவு. எல்லாரோடதும் சேத்து வெச்சா கட்டணம் கம்மி. தனியா, உங்க பேர் போட்டு வெச்சா கொஞ்சம் அதிகம்."

"தனியா" என்றார் ராய்ஸ். "சால்ட் லேக் ஒரு நாள்ல போயிட்டு வந்துடற தூரம்தான்." காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்த அவர் முழங்கால் நின்றுவிட்டதை நடீன் கவனித்தாள். இந்த ஒரு பதிலுக்காகவா இந்த மனிதர் மாதக் கணக்கில் வீட்டை அளந்துகொண்டிருந்தார்?

டாரா விவரங்களைக் கேட்டுக்கொண்டே போனாள். முகவரி, பிறந்த தேதி, எங்கிருந்து பணம் வருகிறது. கடைசியில், "உங்களுக்கு அப்புறம் கணக்கு யாருக்குப் போகணும், சார்?" என்றாள்.

"ரெண்டு பேர்."

நடீன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தானும் கொரினும். வேறு யார்?

"முதல் பேர் நடீன் ட்ரகியர், மனைவி. பாதி." என்றார் ராய்ஸ். "ரெண்டாவது, வெண்டெல் ட்ரகியர். தம்பி. பாதி."

டாரா எழுத்துக்கூட்டிக் கேட்டாள். ராய்ஸ் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். நடீன் திரும்பவில்லை. அழைப்பு முடியும்வரை திரும்பவில்லை.

"காலையில அவன் பையைத் தூக்கிப் பனியில வெச்சது நீதானே?"

"வெச்சேன்."

"அப்ப இது என்ன?"

"அவன் என் வீட்டுல இருக்கக் கூடாது, நடீன். ஆனா தெருவுலயும் இருக்கக் கூடாது. அவன்கிட்ட இப்ப ஒண்ணுமே இல்லை. முதுகும் இல்லை. நான் போயிட்டா அவன் எங்க போய் நிப்பான்? மிச்சம் ரெண்டு பங்கு கம்பெனித் திட்டத்துலதானே இருக்கு. அது முழுக்க உனக்கு. கொரினுக்குச் சம்பளம் இருக்கு, வீடு இருக்கு."

"நம்மளை வித்து ரெண்டு காசு சம்பாதிக்கப் பாத்தவன் அவன்."

"ஆமா."

"என்னைக் கேட்டிருந்தா நான் சரின்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன், ராய்ஸ்."

"இப்பக் கேக்கறேன்."

"நீ என்னைக் கேக்கலை. அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னே. நான் பக்கத்துல இருந்ததால என் காதுல விழுந்துச்சு."

ராய்ஸ் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தார். முழங்கால் மறுபடி ஆடத் தொடங்கியது.

நடீன் கதவைத் திறந்து இறங்கினாள். "நீ வராதே" என்றாள். தெருவைக் கடந்தாள். பின்னால் பிக்கப்பின் கதவு திறக்கும் சத்தம் கேட்குமோ என்று காது வைத்துக்கொண்டே நடந்தாள். கேட்கவில்லை.

தபால் நிலையத்தில் கூட்டம் இல்லை. அவள் முறை உடனே வந்துவிட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் ராய்ஸ் தெரிந்தார். வண்டிக்குள் இல்லை. வெளியே நின்று, முன்னும் பின்னுமாக, குளிரில் தொப்பி இல்லாமல் நடந்துகொண்டிருந்தார்.

"பதிவுத் தபாலா, மேடம்?" என்றாள் கவுண்டர் பெண்.

நடீன் உறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அந்தப் பெண் அதை இழுத்துக்கொள்ளக் கையை நீட்டினாள். இழுத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நடீனின் முகத்தைப் பார்த்தாள்.

நடீனின் விரல்கள் இன்னும் உறையின் மறுமுனையைப் பிடித்திருந்தன.